மூடியைத் திருகிய கை

புளியந்தாங்கல் ஏரிக்கு ஜெரூஷாவும் ஜேசனும் போனது தண்ணீர் எடுக்கத்தான். அடிதடிக்கு யாரும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

இருவரும் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி வருஷம். கீழ்க்கட்டளையைத் தாண்டி, அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்த அந்த ஏரியில் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது அவர்களுடைய ப்ராஜெக்ட். ஜெரூஷா சேலையூர்ப் பெண். அப்பா லாசரஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஜேசன் பல்லாவரம். முதல் வருஷம் லேபில் ஒரே மேசை கிடைத்ததிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே சுற்றினார்கள். வகுப்பில் அதற்கு ஒரு பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். அவர்களாக எந்தப் பெயரும் வைத்துப் பார்த்ததில்லை.

உலோகம் தேடி எடுக்கும் தண்ணீரைச் சும்மா பாட்டிலில் அடைத்து வைத்தால் வேலைக்காகாது. உலோகம் பாட்டிலின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். எடுத்த கையோடு சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட வேண்டும். அதற்காக ஜெரூஷாவின் தோள்பையில் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்று துணி சுற்றி, சாயாமல் நின்றிருந்தது. பாட்டில்களை அலசுவதற்கு ஒரு பெரிய கேன் நிறைய, காய்ச்சி வடித்த சுத்தமான வடிநீரும் கொண்டுவந்திருந்தார்கள்.

சாப்பாட்டு வேளை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜேசன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது கரைமேல் ஒரு டேங்கர் லாரி பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து நின்றது. டிரைவர் இறங்கி, பின்னால் சுருட்டியிருந்த தடித்த குழாயை எடுத்து ஏரிக்குள் விட்டான். வால்வைத் திறந்தான். நீலமும் பச்சையும் கலந்த குழம்பு குபுகுபுவென்று கொட்டியது. தோல் ஊறிய நாற்றம் மூக்கை அறுத்தது.

ஜேசன் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தான்.

“வேணாம்டா. வண்டி நம்பரை மட்டும் பாத்துக்கோ, போயிடலாம்,” என்றாள் ஜெரூஷா.

“இவ்ளோ மாசமா எங்கேந்து வருதுன்னு தேடிட்டிருந்தோம். கண்ணு முன்னாடி கொட்றான். எடுக்காம போகச் சொல்றியா?”

லாரியின் இன்னொரு கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு ஆள் இறங்கினான். அவன் பெயர் டில்லிபாபு, லாரி முதலாளியின் மச்சான் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

“டேய், இன்னாடா புட்சிகினு கீற? போனக் குடு.”

“சார், நாங்க காலேஜ் ஸ்டூடண்ட்ஸ். ரிசர்ச்சுக்கு வந்திருக்கோம்.”

“குட்றான்னா ரிசர்ச்சுன்ற?”

ஜேசன் போனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் செய்தது அவ்வளவுதான். டில்லிபாபு திரும்பிப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து டயர் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். அவசரமே இல்லாமல் இறங்கினான். ஜேசன் தடுப்பதற்காக வலது கையை உயர்த்தினான். கம்பி மணிக்கட்டில் விழுந்தது. பச்சை மரக்கிளை ஒடிவதுபோல் ஒரு சத்தம். அடுத்தது மண்டையில். அதற்கு அப்படிச் சத்தமில்லை. மொத்தென்று ஒன்று கேட்டது. ஜேசன் ஏரி விளிம்பில் பக்கவாட்டில் விழுந்தான். விழுந்தவனை டில்லிபாபு விலாவில் உதைத்தான். பையிலிருந்து போனைப் பிடுங்கி, கல்லில் வைத்துக் கம்பியால் நசுக்கினான். மறுபடியும் ஜேசன் பக்கம் திரும்பினான்.

ஜெரூஷா கத்திக்கொண்டே ஓடினாள். பின்னாலிருந்து டிரைவர் அவள் பின்னலைப் பிடித்துச் சுண்டி இழுத்தான். கழுத்தைச் சுற்றி அவன் முழங்கை இறுகியது.

“சும்மா இரும்மா,” என்றான் காதுக்குள். “கத்தாத. ரெண்டு தட்டு தட்டிட்டு வுட்ருவாரு. சும்மா இரு.”

ஏதோ சமாதானம் சொல்கிற குரல். அந்தக் குரல்தான் அவளை என்னவோ செய்தது. கம்பி மூன்றாவது தடவை ஜேசனின் முதுகில் இறங்கியது. அவளுக்கு மூச்சு திணறியது. அவள் கை பைக்குள் போய், துணியை உருவி, புட்டியைப் பிடித்தது. மூடி மரை போட்டது. திருக வேண்டும். திருகினாள். தோளுக்கு மேலே, பின்னாலிருந்த முகத்தில் வீசினாள்.

கழுத்திலிருந்த பிடி விட்டது. அதற்குப் பிறகு கேட்டது மனிதக் குரல்போல இல்லை. டிரைவர் மண்ணில் உருண்டான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். அவன் கன்னமும் நெற்றியும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாக மாறின. பி.எஸ்ஸி. படிக்கும்போது முட்டையின் வெள்ளைக் கருவில் இதே அமிலத்தை ஊற்றி இந்த மஞ்சளை வரவழைத்திருக்கிறார்கள். புரதம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனை. அன்றைக்கு நிறம் அழகாக வந்ததென்று மேடம் பாராட்டியது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது.

டில்லிபாபு ஒரு கணம் பார்த்தான். கம்பியைப் போட்டுவிட்டு மேலே ஓடினான்.

“அண்ணா! வுட்டுப் போவாதண்ணா!” என்று டிரைவர் அலறினான்.

லாரி கிளம்பியது. மூடாத வால்விலிருந்து பச்சைக் குழம்பு கரை நெடுகக் கொட்டிக்கொண்டே போனது.

இப்போது இரண்டு பேர் கிடந்தார்கள். ஜெரூஷா முதலில் ஜேசனிடம் ஓடினாள். சட்டைக் காலரைப் பிடித்து அவனைத் தண்ணீரிலிருந்து மேலே இழுத்துப் போட்டாள். தலையிலிருந்து ரத்தம் காதுவழியாக வடிந்தது. மூச்சு இருந்தது. இடது கை அவள் துப்பட்டாவைப் பற்றியது. அந்த விரல்களை அவளே பிரித்தாள்.

“வந்துட்றேன்டா. இதோ வந்துட்றேன்.”

அமிலம் கண்ணுக்குள் காத்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும். வடிநீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு டிரைவரிடம் போனாள். அவன் கையை உதறி அவளை அடித்தான்; யார் என்று பார்த்து அடிக்கவில்லை, வலியில் அடித்தான். அவள் அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தாள். முழங்காலால் ஒரு கையை அழுத்தினாள். இமையை விரலால் பிளந்து தண்ணீரை ஊற்றினாள்.

“கண்ணத் தொறங்கண்ணா! தேய்க்காதீங்க, தொறங்க!”

“யம்மா எரியுதும்மா... கொன்னுடும்மா...”

அவள் விரல் நுனிகளும் எரிந்தன. விடாமல் ஊற்றினாள். கேன் காலியானதும் அவன் ஏரியின் ஈர வாடையைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கித் தவழ ஆரம்பித்தான். கொஞ்சம் முன்னால் அவனே கொட்டிய குழம்பு அங்கே மிதந்துகொண்டிருந்தது. அவள் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் உதைத்தான், அவள் உதடு கிழிந்தது. திரும்பவும் இழுத்தாள். தன் குடிதண்ணீரையும் ஜேசனுடைய குடிதண்ணீரையும் அவன் கண்ணில் ஊற்றித் தீர்த்த பிறகுதான் 108-க்குப் போன் செய்தாள். பிறகு ஜேசனிடம் போய், துப்பட்டாவைச் சுருட்டி அவன் தலையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கண்கள் திறந்திருந்தன. அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறான்.

ஒரே ஆம்புலன்ஸில் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். அரசு மருத்துவமனையில் ஜேசனுக்குத் தலையில் தையல், மண்டை ஓட்டில் விரிசல், மணிக்கட்டு எலும்பு பல துண்டு. டிரைவருக்கு வலது கண் போய்விட்டது. இடது கண் தப்பும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் வார்டுக்கு வெளியே ஜெரூஷா நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் வேகமாக வந்தாள். டிரைவர் அரிகிருஷ்ணனின் மனைவி காமு.

“நீதான் ஊத்துனவளா?”

“ஆமா.”

அறை கன்னத்தில் விழுந்தது. மத்தியானம் டிரைவர் இழுத்த பின்னலையே காமுவும் பிடித்தாள். தலையைச் சுவரில் ஒருமுறை, இன்னொருமுறை மோதினாள். நர்ஸ் ஓடிவந்து விலக்கும்வரை ஜெரூஷா கையைத் தூக்கவே இல்லை.

“டாக்டரு சொல்றாரு, தண்ணி ஊத்தலேன்னா ரெண்டு கண்ணும் பூட்ருக்குமாம்,” காமுவுக்கு மூச்சு இரைத்தது. “ஆசிட்ட ஊத்துனவ தண்ணிய இன்னாத்துக்கு ஊத்துன? இன்னா பொம்பள நீ?”

ஜெரூஷாவின் உதட்டிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது.

அன்றைக்கே லாசரஸ் ஒரு வக்கீலை அழைத்துக்கொண்டு வந்தார். ஆசிட் வீசினால் தனிச் சட்டப்பிரிவு, சாமானியமாக வெளியே வர முடியாது என்றார் வக்கீல். இழுபறியில் புட்டி உடைந்து தெறித்துவிட்டது என்று சொன்னால் போதும், வழக்கே நிற்காது.

“அப்படியே சொல்லிடும்மா,” என்றார் லாசரஸ். பாடம் நடத்தும்போது எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல் அவருக்கு. அன்றைக்குப் பக்கத்தில் நின்றவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. “உன்னை நெரிச்சிருக்கான். அவன் பண்ணதுக்குத்தானே...”

“உடையலப்பா. மூடியைத் திருகினேன். தெரிஞ்சுதான் ஊத்தினேன்.”

“தெரிஞ்சுன்னு சொல்லாதடி! உன் வாழ்க்கையே போயிடும்.”

“தெரியாம திருக முடியாதுப்பா.”

அவர் கையை ஓங்கினார். வாழ்க்கையில் முதல் தடவை. ஓங்கிய கை அப்படியே நின்று, அவர் முகத்தையே பொத்திக்கொண்டது. ஜெரூஷா இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பெண் காவலர் ஒருவரை அவளுக்குக் காவலாக நிறுத்தினார்கள். ஜேசன் கிடந்த அதே மாடியில், வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை டில்லிபாபு வந்தான். அதே மாதிரி தேய்த்த வெள்ளைச் சட்டை. கூட ஒரு குமாஸ்தா. ஜெரூஷாவைத் தாண்டி, அவளைப் பார்க்காமலே அரிகிருஷ்ணனின் வார்டுக்குள் போனான். அவள் எழுந்து கதவருகில் வந்து நின்றாள்.

“அரி, நான் சொல்றதக் கேளு,” என்றான் கட்டிலருகில் குனிந்து. “பையன அட்ச்சது நீதான்னு சொல்லிடு. உன் மூஞ்சில ஆசிட் ஊத்திகீறா, உன் மேல எவனும் கேஸு போட மாட்டான். வூட்ட முதலாளி பாத்துப்பாரு.”

முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்த அரிகிருஷ்ணன் குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினான்.

“நான் கத்துனது உனக்குக் கேக்கலியாண்ணா?”

“அத வுடு இப்ப.”

“வுட்டுப் போவாதன்னு கத்துனேனே. கேட்டுச்சா, கேக்கலியா?”

“டேய், எனக்கு மட்டும் பேஜார் இல்லியா? வண்டிய அங்க நிறுத்த முடியுமா?”

காமு அதுவரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கையில் கஞ்சி கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு. தூக்கைப் பிடியோடு சுழற்றி டில்லிபாபுவின் வாயில் அடித்தாள். கஞ்சி சிதறியது. அவன் கட்டில் கம்பியில் இடித்துக் கீழே சரிந்தான். வெள்ளைச் சட்டையில் ரத்தமும் ஒரு பல்லும் விழுந்தன. எழப் பார்த்தவனைத் திரும்ப அடித்தாள். தூக்கு நசுங்கும்வரை அடித்தாள். குமாஸ்தா ஓடிவிட்டான். வார்டில் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் வந்து தடுக்கவில்லை. ஜெரூஷாவின் காவலுக்கு வந்த பெண் காவலர்தான் கடைசியில் போய் காமுவின் கையைப் பிடித்தார். பிடித்தபடியே டில்லிபாபுவின் சட்டையையும் பற்றிக்கொண்டார்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் அரிகிருஷ்ணனிடம் வாக்குமூலம் வாங்கினார். பையனை அடித்தது டில்லிபாபு. பெண்ணின் கழுத்தை நெரித்தது நான். ஆசிட் ஊற்றியது அவள். கழுவிவிட்டதும் அவள். எந்தத் தோல் பட்டறையிலிருந்து ஏற்றினோம், எத்தனை ஏரியில் கொட்டினோம் என்பதையும் சேர்த்தே சொன்னான். வெளியே வந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“என் சர்வீஸ்ல ரெண்டு பார்ட்டியும் ஒரே மாதிரி சொல்லிப் பாத்ததில்ல,” என்றார் லாசரஸிடம்.

டில்லிபாபுவும் முதலாளியும் உள்ளே போனார்கள். அரிகிருஷ்ணன் மேலும் வழக்கு. ஜெரூஷாவுக்கு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. தற்காப்பா இல்லையா என்பது விசாரணையில் தெரியும் என்றார் நீதிபதி. கல்லூரி அவளை அந்தப் பருவம் முழுக்க வெளியே நிறுத்தியது. இரவில் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் மஞ்சள்.

ஜேசன் வீட்டுக்கு வந்தபிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் பல்லாவரம் போனாள். அவன் அம்மா சாராள் வாராந்திரச் சந்தைக்குப் போயிருந்தார். தெருவெல்லாம் கூட்டம். தலை மழித்து, வலது கையில் எலும்புக்குப் போட்ட கம்பிகள் துருத்த, ஜேசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். விமானம் ஒன்று தாழ்வாகக் கடந்து போனது.

“பென் பிடிக்க வராதாம் இனிமே,” என்றான். “இடது கையில பழகணும்.”

“ம்.”

“நான் உன் துப்பட்டாவைப் பிடிச்சேன். நீ என் விரலைப் பிரிச்சுட்டு அவன்கிட்ட போன.”

“ஆமா.”

“செத்துடுவேன்னு நெனச்சேன் ஜெரூ. நீ அவனுக்குத் தண்ணி ஊத்திட்டிருந்த.”

அவள் அவனுடைய கம்பி போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரித்த விரல்கள் அந்தக் கையில் இல்லை, மற்றதில். “ஆசிட் ஊத்தினது நான். அதான் போனேன். வேற எதுவும் அப்போ தோணல.”

“இப்போ தோணுதா?”

“இப்பவும் அதேதான் செய்வேன்னு நெனக்கிறேன். உன்கிட்ட பொய் சொல்ல முடியாது.”

ஜேசன் இடது கையால் கதவைக் காட்டினான்.

“இன்னிக்குப் போயிடு. கோபம் இன்னும் இருக்கு. அடுத்த வாரம் வா.”

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு சந்தைக் கூட்டத்துக்குள் இறங்கி நடந்தாள்.