எம்.ஃபில்லுக்குக் கட்டம் கிடையாது

வாத்தியாருக்கு ஆங்கில இலக்கணம் என்றால் உயிர். எம்.ஏ., எம்.ஃபில்., பி.எட். என்று மூன்றையும் முடித்து, மேல்நிலைப் பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தியவர். பிறகு வெளிநாட்டில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு பயிற்சி நிலையத்தில் வேலை கிடைத்து, மனைவியோடு விமானம் ஏறிவிட்டார். நிலையம் ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு, ஆனால் அது இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். மிச்சப் படிகளை வாத்தியார் மூச்சு வாங்க ஏறுவார். வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் மூச்சு வாங்கும் வேலையே கிடையாது. மணி அடிக்கும்வரை ஒரே பேச்சுதான்.

மாணவர்கள் எல்லாரும் வேலை முடித்துக் களைத்து வருகிறவர்கள். வங்கிக்காரர்கள், நர்ஸுகள், கிடங்கில் சரக்கு ஏற்றுகிறவர்கள். அவர்களுக்கு வாத்தியார்மேல் ஏக மரியாதை. அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வார்கள். வாயை மட்டும் திறக்க மாட்டார்கள். அதை வாத்தியார் ஒழுக்கம் என்று நினைத்திருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் ஒரே தம்பி. பி.ஏ.வைத் தட்டுத் தடுமாறி முடித்துவிட்டு, செல்போன் கடையில் நின்று வியாபாரம் பார்த்தவன். யாரிடமும் பேச்சுக் கொடுத்துவிடுவான். அக்கா சொன்னாள் என்று, பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஒரு மாதப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கினான். வாத்தியாரின் சிபாரிசில் அதே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சிபாரிசு செய்யும்போது வாத்தியார் அவனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: என் பெயரைக் கெடுத்துவிடாதே.

முதல் சம்பளம் வந்த அன்று மச்சினன் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். எவ்வளவு வந்தது என்று அக்கா கேட்டாள். அவன் சொன்னான். அக்காவின் முகம் பூவாக மலர்ந்து, தட்டிலிருந்து நிமிராத கணவனைப் பார்த்ததும் அப்படியே பாதியில் நின்றது.

"தப்பாப் போட்டிருப்பாங்க மாப்ள. நாளைக்குப் போய்க் கேளு, இல்லன்னா அடுத்த மாசம் பிடிச்சுப்பாங்க" என்றார் வாத்தியார்.

"இல்ல மாமா, எனக்கு முதல் நிலைச் சம்பளம். உங்களுக்கும் அதானே?"

வாத்தியாருக்கு இரண்டாம் நிலை. வந்த நாளிலிருந்து இரண்டாம் நிலை. முதல் நிலை என்பது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று அவராகவே முடிவுகட்டி வைத்திருந்தார். இப்போது அதே முதல் நிலை, அவருடைய வீட்டில், அவருடைய தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் மேலாளரைப் பார்க்கப் போனார். மேலாளர் எப்போதும் வெந்நீர் குடிக்கிற, குரலை உயர்த்தாத பெண்மணி. அவர் பொறுமையாக விளக்கினார். ஊழியர்களை ஆங்கிலம் படிக்க அனுப்பும் கம்பெனிகள் கேட்பது அந்த ஒரு மாதச் சான்றிதழைத்தானாம். ஏனென்றால் அதை வாங்க, நிஜமான மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும், ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பி.எட். சிறுபிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்கான படிப்பு என்று அந்தக் கம்பெனிகள் ஒதுக்கிவிடுகின்றன. எம்.ஏ. இருப்பதால்தான் மூன்றாம் நிலை இல்லாமல் இரண்டாம் நிலை.

எம்.ஃபில்லைப் பற்றி வாத்தியார் ஞாபகப்படுத்தினார். 'தி' என்ற ஒற்றைச் சொல் எங்கே வரும், எங்கே வராது என்று ஒரு புத்தகம் கனத்துக்கு ஆராய்ச்சி செய்தவர் அவர். மேலாளர் உண்மையான மரியாதையோடு தலையசைத்தார். பிறகு சம்பளப் படிவத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, எம்.ஃபில்லுக்கு இதில் கட்டம் கிடையாது என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி வாத்தியார் கொதித்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

"ஒரு மாசம்தானே? நீங்களும் போய் அத வாங்கிட்டு வந்துடுங்க."

"எனக்குச் சொல்லிக்குடுக்கிற அளவுக்கு அவங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியலன்னா சீக்கிரமே முடிஞ்சிடும் இல்ல."

வாத்தியார் விடுமுறை மாதத்தில், மச்சினன் படித்த அதே மையத்தில் பயிற்சியில் சேர்ந்தார்.

பயிற்சி மையம் முன்பு மரச்சாமான் கடையாக இருந்த இடம். தூணில் ஒரு கட்டிலின் விலை இன்னும் ஒட்டியிருந்தது. கூடப் படிக்க வந்தவர்கள் எல்லாரும் அவருடைய பழைய மாணவர்கள் வயதுப் பிள்ளைகள். பயிற்சி கொடுத்த பெண்மணி நல்ல உயரம். விளையாட்டு ஆசிரியர்போலக் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஆசிரியர் வாயைத் திறந்தால் அதை அமுக்குவார், மூடினால் நிறுத்துவார். பிள்ளைகள் அவருக்கு ஸ்டாப்வாட்ச் அம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வாத்தியாரின் முதல் பயிற்சி வகுப்பு பிரசன்ட் பெர்ஃபெக்ட். கேட்க வேண்டுமா? கரும்பலகை கொள்ளாமல் எழுதினார். விதி, விலக்கு, விலக்குக்கு விலக்கு என்று ஒன்றையும் விடவில்லை. இலவச வகுப்பு என்று வந்திருந்த மாணவர்களில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கன்னத்தில் கைவைத்தபடி கண்ணை மூடினார். வாத்தியார் அதைச் சிந்தனை என்று எடுத்துக்கொண்டார்.

முடிந்ததும் ஸ்டாப்வாட்ச் அம்மா அவரை எதிரே உட்காரவைத்து, பாடம் எப்படிப் போனதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டார். முழுசாக முடித்துவிட்டேன் என்றார் வாத்தியார். நீங்கள் முடித்துவிட்டீர்கள், ஆனால் உங்கள் மாணவர்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றார் அந்த அம்மா. வகுப்பு முழுவதும் மாணவர்கள் வாயிலிருந்து வந்தது வணக்கமும் நன்றியும் மட்டும்தானாம். இப்படியே போனால் தேர்ச்சி கிடைக்காது என்பதையும் மென்மையாகச் சொல்லி அனுப்பினார்.

வாத்தியார் வீட்டுக்கு வந்து நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார். மச்சினனிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது. சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. மாமா முகம் சரியில்லை என்று அக்கா சொல்லிக் கேட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவனே வந்தான்.

"மாமா, எனக்கும் முதல் வகுப்புல சரியான அடி. பேசிப் பேசியே கெடுத்தேன். அந்தம்மா வாட்ச் சூடாயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றான்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கௌரவம் பார்ப்பது கஷ்டம். அன்றே வீட்டில் ஒத்திகை ஆரம்பமாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். மனைவியும் மச்சினனும் மாணவர்கள். விதி ஒன்றுதான்: வாத்தியார் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பிறகு பதில் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

நேற்று என்ன செய்தாய் என்று வாத்தியார் மனைவியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் யோசித்தாள். அவர் வாய் தானாகத் திறந்தது. மச்சினன் காலை மிதித்தான். மறுபடி திறந்தது, மறுபடி மிதித்தான். கடைசியில் மனைவி ஆரம்பித்தாள். வினைச்சொல் தப்பு, காலம் தப்பு. வாத்தியார் நெளிந்தார். ஆனால் அவள் நிறுத்தவில்லை. நேற்று வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் பூங்காவுக்குப் போனாளாம். தினமும் போவாளாம். அங்கே நாயைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு பெண் சிநேகமாகிவிட்டாளாம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருத்தி மொழி ஒருத்திக்குப் புரியாமலே சிரித்துக்கொண்டிருப்பார்களாம்.

வாத்தியார் ஒத்திகையை மறந்து தமிழுக்கு வந்துவிட்டார். "இத எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?"

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

கடைசி வகுப்பு, தேர்ச்சியை முடிவு செய்கிற வகுப்பு, புகார் சொல்வது பற்றியது. வாத்தியார் மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் சலவைக்கடைக்காரர், மற்றவர் வாடிக்கையாளர், துணி கெட்டுவிட்டது, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். முன்வரிசையில் ஒரு டாக்சி டிரைவரையும் ஒரு பெண்ணையும் ஜோடி சேர்த்துவிட்டார். அந்தப் பெண் நிஜமாகவே சலவைக்கடை வைத்திருப்பவள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த டிரைவரின் கோட்டு போன குளிர்காலத்தில் அவள் கடைக்குப் போய்க் கை குட்டையாகித் திரும்பியதும் தெரியாது. அதே கோட்டைத்தான் அவர் அன்று போட்டிருந்தார்.

ஆரம்பத்தில் இருவரும் நடிப்பாகத்தான் பேசினார்கள். பிறகு டிரைவர் கையை நீட்டிக் கோட்டின் கையைக் காட்டினார், அது முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்டது. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

"யூ டிடின்ட் டோல்ட் மீ" என்றார் டிரைவர்.

கோட்டுக்குள்ளே தைத்திருந்த சலவைக் குறிப்பை நீதான் படிக்கவில்லை என்று சலவைக்கடைக்காரி உடைந்த ஆங்கிலத்தில் பதிலுக்குப் பாய்ந்தாள். மற்ற ஜோடிகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பின. தபால்காரர் நன்றாக விழித்துக்கொண்டு டிரைவர் கட்சியில் சேர்ந்தார். பின்வரிசையில் ஒரு நர்ஸ், கோட்டு மலிவு ரகம், அதனால்தான் சுருங்கியது என்று எதிர்க்கட்சியில் சேர்ந்தாள். 'டிடின்ட் டோல்ட்' வாத்தியாரை ஊசியாகக் குத்தியது. ஓடிப்போய்த் திருத்த வேண்டும் போலிருந்தது. சண்டையை விலக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் வருடக்கணக்கில் அவர் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்தவர்களைப் போன்ற முகங்கள் அத்தனையும் இப்போது ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தன. அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

கடைசியில் சலவைக்கடைக்காரி கோட்டின் கையைத் தானே நீட்டித் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டாள். துணிக்கான செலவில் பாதி டிரைவருடையது. இருவரும் கைகுலுக்கினார்கள். வகுப்பே கைதட்டியது. அதன் பிறகுதான் வாத்தியார் கரும்பலகைக்குப் போய், அவர்கள் சொன்ன வாக்கியங்களில் நான்கைந்தை மட்டும் எழுதி, இதை எப்படிச் சரி செய்யலாம் என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். டிரைவரே எழுந்து வந்து 'டோல்ட்'டை அடித்து 'டெல்' என்று எழுதினார்.

வாத்தியார் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். மேலாளர் மனதார வாழ்த்தி, அடுத்த மாதத்திலிருந்து முதல் நிலைச் சம்பளம் என்றார். ஆனால் முதல் நிலைக்குள்ளும் படிகள் உண்டு, அனுபவத்தைச் சான்றிதழ் வாங்கிய தேதியிலிருந்துதான் கணக்கிடுவார்கள் என்றார். ஆக, வாத்தியார் இன்று புதிதாகச் சேர்ந்தவர். மச்சினன் அவருக்கு மூத்தவன்.

பழைய வாத்தியாராக இருந்தால் அங்கேயே ஒரு பிரசங்கம் நடந்திருக்கும். இவர் ஒரு கேள்வி கேட்டார். இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு இலக்கணத்தில் சந்தேகம் வந்தால் யாரிடம் போகிறார்கள்?

மேலாளர் வெந்நீரைக் குடித்தார். வெளியே பார்த்தார். உங்களிடம்தான் என்றார். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. கீழே டயர் கடையில் எதையோ போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போன வாரம் உங்களிடம்தான் கேட்டேன் என்றார் மேலாளர். வாத்தியார் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, ஆசிரியர்களுக்கான இலக்கண ஆலோசகர் என்று ஒரு பொறுப்பை உண்டாக்கலாம், அதற்குச் சம்பளத்துக்கு மேல் தனியாக ஒரு தொகை கொடுக்க வழி இருக்கிறது என்று மேலாளரே சொன்னார். முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம் என்றும் சொல்லிக்கொண்டார்.

மச்சினன் படிக்கட்டில் காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிடி தளராமலே மனக்கணக்கும் போட்டான்.

"அப்படின்னா என்னைவிட உங்களுக்கு ஜாஸ்தி வருமே மாமா."

"கொஞ்சம்தான் மாப்ள."

அடுத்த படிக்கு ஏதோ டிப்ளமா இருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்று அவன் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

வீட்டில் மனைவி சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, தானும் ஒரு விஷயம் முடிவு செய்திருப்பதாகச் சொன்னாள். ஆசிரியர் குடும்பத்தினருக்கு மாலை வகுப்பு இலவசமாமே, அடுத்த வாரத்திலிருந்து ஆங்கிலம் படிக்க வரப்போகிறாளாம். பூங்காச் சிநேகிதிக்கும் இடம் கேட்டு வைத்திருக்கிறாளாம். வாத்தியார் பூரித்துப்போனார். முன்வரிசையில் இடம் போட்டு வைப்பதாகச் சொன்னார்.

"உங்க வகுப்பு இல்லீங்க. தம்பி வகுப்பு" என்றாள் மனைவி.

"ஏன், என் வகுப்புக்கு என்ன?"

"உங்க வகுப்புதான் எனக்கு வீட்டுலயே இருக்கே."

மச்சினன் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தான். வாத்தியார் அதற்கு ஒரு பதில் யோசித்தார், நல்ல பதில்தான். பிறகு அதை விட்டுவிட்டு, டீ போடப் போகிறேன், யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்டார்.