பிஸ்தா தொடாத மாப்பிள்ளை

பிஸ்தா தின்றால் தொண்டை அடைத்துவிடும் என்று ஒருவன் சொன்னால் அந்தெப் ஊரில் யார் நம்புவார்கள்? பிஸ்தாத் தோப்புக்காரர் செலாமி நம்பவே இல்லை. அதுவும் தன் ஒரே மகள் ஃபெராயைப் பெண் கேட்டு இஸ்மிரிலிருந்து வந்தவன் சொன்னால்!

பிஸ்தா பொதிந்த பக்லாவாத் தட்டை நீட்டியதும் மாப்பிள்ளைப் பையன் ஒர்ஹுன் நெஞ்சில் கைவைத்து மறுத்தான். "எனக்கு ஒத்துக்காது மாமா, தப்பா நினைக்காதீங்க."

"எங்க ஊர்ல பச்சப்புள்ளைக்கே இதைத்தான் பொடிச்சு ஊட்டுறோம், தம்பி!"

"அவன் உசுருக்கே ஆபத்துங்க," என்றார் பையனின் தாய் மெலாஹத். அவர் முந்திக்கொண்டு சொன்னதும் செலாமிக்கு உறுத்தியது. எதையோ மறைக்கிறார்கள். கோட்டைக் கழற்றி நடையில் மாட்டும்போதுகூடப் பையன் அதன் பையைத் தடவிப் பார்த்தானே! காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

கை கழுவப் போகிறவர்போல எழுந்து போய்க் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். ஓர் ஊசிக்குழல் அகப்பட்டது. போதை ஊசி! அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இவர்கள் போனதும் மகளிடம் காட்டி, இந்தப் பேச்சுக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம்.

அடுக்களையில் ஃபெராய் உப்பை எடுத்து வைத்திருந்தாள். பெண் கேட்டு வந்தவனுக்கு உப்பள்ளிப் போட்ட காபிதான் கொடுப்பார்கள். முகம் சுளிக்காமல் குடிப்பவனே மாப்பிள்ளை.

"மெனெங்கிச் காபி போடும்மா. நம்ம ஊர்ச் சரக்கைக் குடிக்கட்டும்," என்றார் உள்ளே வந்த செலாமி.

"அதுல பிஸ்தா இல்லையேப்பா?"

"அது மலையில கிடக்கிற காட்டுக்காய்டி. வறுத்துப் பொடிக்கிறோம், அவ்வளவுதான்."

அந்த மெனெங்கிச் கன்றில்தான் வருஷாவருஷம் தன் கையால் பிஸ்தா மொட்டை ஒட்டுக் கட்டுகிறார். இரண்டும் ஒரே குடும்பம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வரவில்லை.

இரண்டாவது மிடறிலேயே ஒர்ஹுனின் உதடு தடித்தது. அவள் உப்போடு மிளகாயும் போட்டுவிட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, ஃபெராயைப் பார்த்துச் சிரித்தபடியே கோப்பையைக் காலி செய்தான். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். நல்லா நடிக்கிறான் என்றுதான் செலாமிக்கு முதலில் தோன்றியது.

"கோட்டுப் பையில ஊசி இருக்கு, எடுத்துட்டு வாம்மா!" என்று மெலாஹத் அலறினார்.

ஃபெராய் கோட்டோடு ஓடிவந்து பைகளை உதறினாள். "இல்லையே அத்தை!"

"ஐயோ, அதில்லாம அவன் வாசப்படி தாண்ட மாட்டானே!"

பையனின் முகம் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. செலாமியின் கை சட்டைப் பைக்குப் போனது. எடுத்தால் திருடன், எடுக்காவிட்டால் கொலைகாரன். எடுத்து நீட்டினார். மெலாஹத் அதைப் பிடுங்கி மகனின் தொடையில் குத்தினார்.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருவதற்குள் மூச்சு திரும்பியிருந்தது. அப்போதுதான் ஃபெராய் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, அது உங்க பைக்குள்ள எப்படி வந்துச்சு?"

தரையில் கிடந்தபடி ஒர்ஹுன் செலாமியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நான்தான்... மாமாகிட்ட குடுத்து வெச்சேன்," என்றான்.

அன்று முழுக்க அந்த வீட்டில் அவன் சொன்ன ஒரே பொய் அதுதான்.