இடுப்பைப் பிடி, வயிற்றை விடு

சாப்பாட்டைத் தராசில் வைக்க ஆரம்பித்த நான்காம் நாளே பெரியவளுக்குப் பசி போய்விட்டது. மாவுச்சத்தும் சர்க்கரையும் நின்று உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கினால் பசி அடங்கிவிடும் என்று உணவு ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார். பசி அடங்கியபோது கூடவே வேறு சிலதும் அடங்கிப்போயின. கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தால் வாயோடு நின்றது. அது சாப்பாட்டால் வந்ததா, அதற்கும் முன்பே வந்து பசிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நோய் அப்பா கொடுத்தது. சிறுநீரகம் இரண்டிலும் திராட்சைக் கொத்துப் போல நீர்க்கட்டிகள் முளைத்து, வருஷத்துக்கு வருஷம் பெருத்து, நல்ல சதையை நெருக்கித் தின்றுவிடும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்குக் கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் முன்னால் போனது. "என்னய்யா, நல்ல சாப்பாடு போல" என்று கேட்பவர்களிடம், "உள்ள ரெண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். காலி பண்ண மாட்டேங்குறாங்க" என்பார். ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள்.

வீட்டில் மிஞ்சியது அக்காவும் தங்கையும். பெரியவள் துணிக்கடை ஒன்றின் பின்கட்டில் அளவு மாற்றித் தைக்கிறாள். சின்னவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். நாலு வருஷம் முன்பு, ஒரே நாளில், ஒரே இடத்தில் இருவரும் ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். பெரியவளுக்குக் கட்டிகள் இருந்தன. சின்னவள் வெளியே வந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "எனக்குக் கண்ணாடி மாதிரி இருக்குதாம்" என்றாள். பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போதே கணக்கையும் முடித்துவிட்டாள்.

"எனக்கு ரெண்டு இருக்கு. உனக்கு வேணும்கிற அன்னிக்கு வலது பக்கத்துத எடுத்துக்க. இடது பக்கம் சாய்ஞ்சுதான் தூங்குவேன், அது கொஞ்சம் நசுங்கியிருக்கும்."

அந்த வலது பக்கத்தை நம்பித்தான் பெரியவள் இந்த நாலு வருஷமும் நிம்மதியாகத் தூங்கினாள். உணவுமுறைகூட, அந்த நாளைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கத்தான். "சின்னச் சின்ன ஆய்வுதான் நடந்திருக்கு, உறுதி சொல்ல முடியாது. ஆனா எங்க கண்ணு முன்னாடி பண்ணணும், மாசாமாசம் ரத்தம் பாக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெண்ணெய், எண்ணெய், அளவான முட்டை, காலிஃபிளவர், வெள்ளரிக்காய், குடம் குடமாகத் தண்ணீர். அவள் எடைக்கு எத்தனை கிராம் என்று எழுதிய அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. தினமும் காலையில் சிறுநீரில் ஒரு காகிதக் குச்சியை நனைத்துப் பார்க்க வேண்டும். ஊதாவாக மாறினால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது என்று அர்த்தம்.

நாலு மாதத்தில் ஆள் இளைத்தாள். "நீ போற போக்குல ஊசில நூலுக்குப் பதிலா உன்னையே கோத்துடலாம்" என்றாள் கடைக்காரம்மா. "இந்த வயித்த மட்டும் யாருக்கு வச்சிருக்க?"

"குடியிருக்காங்க" என்றாள் பெரியவள். கடைக்காரம்மா சிரித்தாள். பெரியவளும் வாயை விரித்து வைத்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சின்னவளுக்கு டூட்டி. பெரியவள் துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கருநீலச் சீருடை பேன்ட்டை எடுத்து உதறியபோது விரலில் ஏதோ நெருடியது. உள்ளே திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத் தையல் இரண்டு விரல் அளவு கையால் பிடிக்கப்பட்டிருந்தது. கருநீலத் துணியில் கறுப்பு நூல். ஒவ்வொரு தையலும் அரிசி நீளம்.

தையல்காரி வீட்டில் இப்படி ஒரு துணி இருப்பதே விசித்திரம். சின்னவள் சட்டையில் பொத்தான் ஆடினால்கூட, "அக்கா, இங்க ஒருத்தன் தற்கொலைக்கு நிக்கிறான், வந்து காப்பாத்து" என்று குரல் கொடுக்கிறவள். பெரியவள் பேன்ட்டைக் கட்டிலில் விரித்தாள். இடுப்புப் பட்டியின் பொத்தான் இடம் மாறியிருந்தது. பழைய துளைகள் தெரிந்தன. பொத்தான் வெளிப்பக்கமாக, விளிம்புக்கே போயிருந்தது.

பின்னால் பிடித்திருக்கிறாள். முன்னால் விட்டிருக்கிறாள்.

டேப்பை எடுத்து அளந்தாள். போன வருஷம் அவளே தைத்த பேன்ட் என்பதால் அளவு மனசில் இருந்தது. இடுப்பெலும்புச் சுற்றில் மூன்று அங்குலம் குறைவு. வயிற்றுச் சுற்றில் ஒன்றரை அங்குலம் கூடுதல். இளைத்தவள் எவளும் இப்படி இளைக்க மாட்டாள். உலகத்தில் இந்த அளவில் அவள் வேறு ஒரே ஒரு ஆளுக்குத்தான் தைத்திருக்கிறாள். "இடுப்பப் பிடி, வயித்த விடு" என்று பேன்ட்டை மடியில் போட்டுவிட்டுப் போவார் அப்பா.

எழுந்து குளியலறைக்குப் போனாள். அன்று தேதி இருபத்திரண்டு. மாதப் பிறப்பன்று பிரித்த ஐம்பது குச்சி டப்பாவில் இருபத்தெட்டு இருக்க வேண்டும். ஒன்பது இருந்தன. போன மாதமும் சீக்கிரம் தீர்ந்தது. பெட்டியில் குறைத்துப் போட்டுவிட்டான் என்று மருந்துக் கடைக்காரனைத் திட்டியது நினைவுக்கு வந்தது. பாவம் அவன்.

டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தாள். நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். தொட்டியில் சொட்டும் தண்ணீரின் சத்தம் கேட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. வந்து மெஷினில் உட்கார்ந்தாள்.

கறுப்பு நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பின்பக்கத்தை நேராகப் பிடித்துத் தைத்தாள். இடுப்புப் பட்டியைப் பக்கவாட்டில் அறுத்து, பழைய சீருடை ஒன்றின் துணியை வெட்டி இருபுறமும் ஒட்டுப் போட்டாள். வெளியே ஒன்றரை அங்குலம்தான் தெரியும். மிச்சத்தை உள்ளே மடித்துவிட்டாள், பின்னால் பிரித்துக்கொள்ளலாம். சரியான நூல்தான் போட்டாள். தேய்த்து நாற்காலியில் தொங்கவிட்டபோது மணி நாலு.

ஐந்து மணிக்குச் சின்னவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. "இன்னிக்கு ஒரு பெரியவர் ஏறி, 'என்னம்மா, பொம்பள ஓட்டுற வண்டியா'ன்னாரு. 'ஆமாங்கய்யா, வண்டிக்கு இன்னும் தெரியாது, மெதுவா பேசுங்க'ன்னேன். வழியில ரெண்டு பன் சாப்பிட்டேன், உன் பங்கும் நானே தின்னுட்டேன், கோச்சுக்காத."

சின்னவளின் கண் நாற்காலிக்குப் போனது. போய் பேன்ட்டை எடுத்தாள். இடுப்புப் பட்டியை உள்ளே திருப்பி, மடித்துவிட்ட துணியைக் கட்டைவிரலால் தடவினாள். பேருந்துக்காரியின் கை, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை.

"எவ்வளவு விட்டிருக்க?"

"நாலு இன்ச்."

"அவ்வளவு வேணுமாக்கா?"

"அப்பாவுக்கு ஆறு விட்டேன்."

சின்னவள் உட்கார்ந்தாள். பேன்ட் மடியிலேயே இருந்தது.

"நாலு வருஷமாவா?" என்று கேட்டாள் பெரியவள்.

"அன்னிக்கே தெரியும். நீ வெளிய பெஞ்சில உக்காந்திருந்த, உன் பேப்பர மடிச்சு மடிச்சு தீப்பெட்டி சைஸ் ஆக்கிட்ட. ரெண்டு பேரும் ஒரே நாள்ல அழுதா யாரு சமைக்கிறது? அதான் சொல்லல. மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் நீ நல்லா தூங்கி எந்திரிச்ச."

"சாப்பாடு?"

"ஃபிரிட்ஜ்ல ஒட்டினத போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன். அதே கிராம்தான். டிப்போல தனியா உக்காந்து சாப்பிடுவேன்."

"அது என் எடைக்குப் போட்ட கணக்குடி. நீ என்னவிட ஒரு சாண் உயரம்."

"அதானா" என்றாள் சின்னவள். "போன வாரம் கண்ணு இருட்டுச்சு. ஸ்டாப்ல வண்டி நின்னப்புறம்தான். ரெண்டு நிமிஷம் டயர் பாக்குற மாதிரி இறங்கி நின்னேன்."

"ஏத்தின ஆளுங்க எத்தன பேரு?"

"நாப்பது இருக்கும்."

"பிரஷர்?"

"டிப்போல வருஷத்துக்கு ஒரு தடவ பாப்பாங்க. போன தடவ ஜாஸ்தியா இருந்துச்சு. தூக்கமில்லன்னு சொல்லிட்டேன்."

பெரியவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். முட்டை நாலு எடுத்தாள். பிறகு இரண்டைத் திருப்பி வைத்தாள். பிறகு வெறுமனே நின்றாள். சின்னவள் பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்தாள்.

"நாளைக்கு வண்டி எடுக்காத" என்றாள் பெரியவள். "காலைல போன் பண்ணி டாக்டர்கிட்ட நேரம் கேக்குறேன். ரத்தம் பாக்கட்டும். அது வரைக்கும் வழக்கமான சாப்பாடு சாப்பிடு. குச்சிய தொடாத."

"வண்டி ஓட்ட விடமாட்டாங்களோ?"

"தெரியல."

"நான் டிக்கெட் கிழிக்கிற வேலைக்கெல்லாம் போகமாட்டேன், சொல்லிட்டேன்."

"சரி."

சின்னவள் கதவின் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அப்ப உனக்கு?"

"எனக்கென்ன?"

"வலது பக்கம்."

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் நாலு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள் என்று பெரியவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அழவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. தெரு தாண்டி வேறொருவர் வீட்டில் யாரோ அழுவதைக் கேட்பது போல அது தூரத்தில் இருந்தது. வாணலியை அடுப்பில் வைத்தாள்.

"நீயே வச்சுக்க. நசுங்காததுன்னு சொன்னல்ல."

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா என்று பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரொட்டி இருக்கா வீட்டுல?" என்று கேட்டாள் சின்னவள்.

"அலமாரியில. உனக்குன்னு வாங்கினதுதான், போன வாரம். பூஞ்ச பிடிச்சிருக்கும்."

சின்னவள் அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஓரத்துல மட்டும்தான்" என்று சொல்லிக் குப்பைக்கூடையில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, ரொட்டி வாங்கத் தெருவுக்கு இறங்கினாள். பெரியவள் தன் தட்டைத் தராசில் வைத்து, பட்டனை அழுத்தி, எண் பூஜ்ஜியமாகும் வரை காத்திருந்தாள்.