பதினோரு மணிப் பேட்டி

பழைய வெள்ளை வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து அப்ரின் நீளவாக்கில் கிழித்தாள். இரண்டு கீற்று வேண்டும். ஒன்று தாடையைச் சேர்த்துக் கட்ட, இன்னொன்று கால் பெருவிரல்களுக்கு. அத்தாவின் பாதங்கள் வீங்கி மினுமினுவென்று இருந்தன. அண்ணன் நவாஸ் இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவள் முடிச்சுப் போட்டாள். இறுக்கிவிட்டோமோ என்று தோன்றவே அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள்.

விடியலில், சுபுஹு பாங்குக்குச் சற்று முன்னால் அத்தா உமர் பாருக் மவுத்தாகியிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று நாளாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர், அதிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். கீழே பாயில் படுத்திருந்த அம்மா அம்சத் பீவி, மூச்சிரைப்பு நின்றதால்தான் விழித்துக்கொண்டாள். கம்பம்–தேனி தடத்தில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்த மனிதர். வெள்ளிக்கிழமை மவுத்து, கொடுத்து வைத்தவர் என்று முதலில் வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். ஜும்மா தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏழரை மணிக்குச் சுருளிராஜன் போன் செய்தார். அவர்கள் ஊரான உத்தமபாளையத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன வானொலிக்கு அவர்தான் பொறுப்பாளர். அப்ரின் நாலு வருஷமாக அதில் பேட்டி எடுக்கிறாள். கவுன்சிலர், கிராம நர்ஸ், சத்துணவு ஆயா, வாய்க்கால் சங்கத்துக்காரர் என்று பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அவள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். கட்சி அரசியல் மட்டும் கூடாது, லைசென்ஸ் போய்விடும் என்பார் சுருளிராஜன். ஆனால் குழாயில் தண்ணீர் வராததைக் கேட்டால் அது அரசியலா ஊர் விஷயமா என்று அவருக்கே பல நேரம் தெரியாது.

அவர் துக்கம் விசாரித்தார். அப்புறம் தயங்கினார். செவ்வாய்க்கிழமை பதிவு செய்த சுகாதார அதிகாரி பேட்டி இன்றைக்குப் பதினோரு மணிக்கு இருக்கிறது; சாயந்தரம் ஆறு மணிக்கு மறுஒலிபரப்பு. நிறுத்திவிட்டு வேறு ஏதாவது பழையதைப் போடட்டுமா என்று கேட்டார்.

அப்ரின் மிச்சத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எதையும் யோசிக்கிற தெம்பு இல்லை. "ஓடட்டும்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அத்தாவுக்குச் சிறுநீரகம் கெட்டு மூன்று வருஷம். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. செவ்வாயும் சனியும் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போன சனிக்கிழமை நவாஸ் கூட்டிக்கொண்டு போனபோது மிஷின் மூன்றும் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பெயர் பதிந்து வெள்ளிக்கிழமைக்கு, அதாவது இன்றைக்கு, வரச் சொன்னார்கள். குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கும் நவாஸ், தனியாரில் பார்த்துவிடலாம் என்று நின்றான். ஒரு வாரம்தானே, தாங்கிக்கொள்வேன் என்றார் அத்தா. எதற்கும் பார்ப்போம் என்று செவ்வாய் காலையிலும் போனார்கள். மிஷின்கள் அப்படியேதான் கிடந்தன.

அன்று மத்தியானம்தான் அந்த அதிகாரியின் பேட்டி. கிளம்பும்போது அப்ரின் சொன்னாள், இன்றைக்கு அவரிடம் கேட்டுவிடப் போகிறேன் என்று. அத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னய இழுக்காத ஆத்தா. ரேடியோக்காரி அப்பன்னு அங்கன எல்லாத்துக்கும் தெரியும். நாளைக்கி அந்த வாசல்லதான நான் போயி நிக்கணும்."

ராத்திரி அவள் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது, "நம்மளப் பத்தி எதும் கேக்கலைல?" என்றுதான். இல்லை என்றாள். "நல்ல புள்ள" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து மணிக்கு மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். கபன் துணி சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து யாசீன் ஓதினார்கள். எதிர்வீட்டுத் தையல்கடையில் நாள் பூராவும் ரேடியோ பாடும். மய்யித்து வீடு என்பதால் தையல்காரர் காலையிலிருந்து அதை அமர்த்தி வைத்திருந்தார். பதினோரு மணிக்கு என்ன நினைத்தாரோ, எதிர்வீட்டுப் பெண் பேசுகிறாள் என்று மரியாதைக்காகவே மெதுவாகத் திறந்துவிட்டார். நடையில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்த நவாஸ் பேச்சை நிறுத்தினான்.

அப்ரின் தன் குரலைக் கேட்டாள். டயாலிசிஸ் வசதி எப்படி இருக்கிறது என்று அது கேட்டது. மூன்று மெஷினும் நல்ல நிலையில் இயங்குகின்றன, ஒரு நோயாளியைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை என்றது அதிகாரியின் குரல். அதற்குப் பிறகு இரண்டு விநாடி ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். இப்படிப்பட்ட இடைவெளிகளைச் சுருளிராஜன் வெட்டிவிடுவார். இதை எப்படியோ விட்டிருந்தார். பிறகு, ரொம்ப நன்றி சார், மழைக்காலக் காய்ச்சல் பற்றிச் சொல்லுங்கள் என்றாள் அவள்.

நவாஸ் உள்ளே வந்து அவள் பக்கத்தில் குந்தினான்.

"ரெண்டு தடவையும் நாந்தான கூட்டிட்டுப் போனேன். ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகு ஏன் கேக்கல?"

அத்தா சொன்னதைச் சொல்லியிருக்கலாம். கிடத்தியிருக்கிற மனிதர்மேல் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அவர் தடுத்ததனால்தான் கேட்கவில்லையா என்பதும் அவளுக்கு நிச்சயமில்லை. அந்த இரண்டு விநாடியில் அத்தா நினைவுக்கே வரவில்லை. அதிகாரி இனிப் பேட்டிக்கு வராமல் போய்விடுவாரோ என்றுதான் நினைத்தாள். நவாஸ் எழுந்து பந்தல்காரரிடம் போனான்.

பதினொன்றே முக்காலுக்கு மறுபடி போன் அடித்தது. அனுமந்தன்பட்டி சண்முகத்தாய். அத்தாவோடு ஒரே நாளில் டயாலிசிஸுக்கு வருகிறவள். அடுத்தடுத்த கட்டிலில் படுத்துப் பழக்கம். பஸ் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பேசினாள்.

"தாயி, இப்பத்தான் ஒன் ரேடியோவுல கேட்டேன். மிஷினச் சரி பண்ணிட்டாகளாம்ல. ஒடனே பஸ் ஏறிட்டேன். அப்பாவையும் கூட்டியாரச் சொல்லு, நான் முன்னாடி போயி எடம் போட்டு வைக்கிறேன்."

ஓதுகிற குரல்கள் காதை நிறைத்தன. அப்ரின் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"அங்கன போகாதீகம்மா. மிஷினு ஓடல. அவுக ரேடியோவுல சொன்னது நெசமில்ல."

"நீயும்தான பேசுன அதுல?"

"ஆமா."

சண்முகத்தாய், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அப்ரின் சொன்னாள். அப்படியென்றால் உத்தமபாளையத்திலேயே இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

இன்னும் எத்தனை பேர் பஸ் ஏறியிருப்பார்கள் என்று அப்ரின் நினைத்தாள். சுருளிராஜனைக் கூப்பிட்டு, சாயந்தரப் பேட்டிக்கு முன்னால் ஒரு நிமிஷம் வேண்டும் என்றாள். அவர் பதறினார். ஆஸ்பத்திரியை எதிர்த்து நாம் பேசினால் அறக்கட்டளைக்குப் பதில் சொல்ல முடியாது, இந்த நிலையில் நீ இதையெல்லாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய் என்றார்.

"எதுத்துப் பேசலண்ணே. நான் கேக்காம விட்டதச் சொல்லணும், அவ்வளவுதான்."

அவர் பெருமூச்சு விட்டார். அனுப்பும்மா, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அரிசி டின்மேல் போனைச் சாய்த்து வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். பழக்கத்தில் குரல் தானாகவே மைக்குக் குரலாக மாறியது. "இது செவ்வாய்க்கிழமை பதிவான பேட்டி. அன்னைக்கு டயாலிசிஸ் மெஷின் ஓடலைங்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் கேக்கல. சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அங்கேயிருந்து திரும்பி வந்தவங்கள்ல ஒருத்தர்..." அதற்குமேல் வரவில்லை. அழித்துவிட்டு முதலிலிருந்து சொன்னாள். மறுபடியும் 'ஒருத்தர்' என்ற இடத்தில் நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே.

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அழுது முகம் வெளிறியிருந்தது.

"பேரச் சொல்லு" என்றாள். "இனி அவுக எந்த வாசல்லயும் போயி நிக்க வேண்டியதில்ல."

நாலாவது தடவை அப்ரின் பெயரைச் சொன்னாள். உமர் பாருக், வயது அறுபத்து மூன்று, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், இன்று காலை இறந்துபோனார், அவர் என்னுடைய தகப்பனார். நாற்பத்தெட்டு விநாடி. திரும்பக் கேட்டுப் பார்க்காமல் அனுப்பினாள்.

ஒரு மணிக்கு, மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். அம்மா குனிந்து, அத்தாவின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். நவாஸ் முன்பக்கம் தோள் கொடுத்தான். ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை பெண்கள் நடையில் நின்றார்கள். அப்புறம் சத்தமும் தேய்ந்தது. கூடத்தில் சாம்பிராணிப் புகையும் நனைந்த பாயும் மிச்சம்.

இரண்டு மணிக்குச் சுருளிராஜனிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'ஆறு மணிக்கு மொதல்ல இதத்தான் போடுறேன். வர்றது வரட்டும்.' அப்ரின் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நிம்மதி என்று எதுவும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

அந்த நேரத்தில்தான் சண்முகத்தாய் வந்து சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து விசாரித்து விசாரித்து, அங்கங்கே உட்கார்ந்து எழுந்து நடந்தே வந்திருக்கிறாள். முகம் உப்பிப் போய், கண்கள் இடுங்கியிருந்தன. ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினாள். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லையே என்றாள். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டே ஸ்டாப்பிங் பெயர்களை வரிசையாகச் சொல்லி நர்சுகளைச் சிரிக்க வைப்பார் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் அவர் சிரித்துப் பேசுவார் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

சண்முகத்தாய்க்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைக்குத்தான் பதிந்திருந்தார்கள். அதுவரை தாங்க வேண்டாம், நவாஸ் வந்ததும் இன்றைக்கே வண்டியில் எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்கிறேன் என்றாள் அப்ரின். சண்முகத்தாய் தலையை ஆட்டினாள். சுவரில் சாய்ந்து உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

அப்ரின் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். இன்றைக்கு உங்களுக்கு வேலை எதுவும் கூடாது என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள். அவள் விலக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தட்டில் பெரிய டம்ளர்கள் அடுக்கியிருந்தன. அவற்றைத் தொடாமல், ஜன்னல் விளிம்பில் தனியே கவிழ்த்திருந்த அத்தாவின் சின்ன டம்ளரை எடுத்தாள். அதில் நகப்பூச்சால் போட்ட ஒரு சிவப்புக் கோடு, பாதிக்கும் கீழே.

சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் நிமிர்த்திவிட்டாள்.