சிவப்புக் கோடு நகர்ந்த வளையம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் சம்பந்தப்பட்ட வீட்டுக்காரம்மா. அதனால் முதலிலேயே எச்சரித்துவிடுகிறேன், முழுதாக நம்பாதீர்கள். நானும் நம்பவில்லை.

அமெரிக்காவில், மொன்டானாவில் எங்கள் சாலையில் அடுத்த வீடு ஓப்பலுடையது. ஒரு காலை அவள் வந்து, என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தோட்டாக்கூட்டை இரண்டு துண்டாக வைத்தாள்.

"இது எப்டி ரெண்டாச்சுன்னு கேக்காத. என் வீட்டுக்காரர் யார் மேல பழி போடுறார்னு கேளு" என்றாள்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: 'வெடிச்சத்தம் கேட்டு மரத்திலிருந்த காகங்களெல்லாம் —'

வேண்டாம். துப்பாக்கிக் கதை என்றால் காகம் பறந்தே ஆக வேண்டுமா?

'ஹால்வருக்குத் தன் மருமகன் மேல் ஆரம்பத்திலிருந்தே —'

இதுவும் வேண்டாம். ஆரம்பத்திலிருந்து அல்ல. வளையம் நகர்ந்த பிறகுதான்.

2

ஹால்வர் ஓப்பலின் கணவர். வேட்டைக்கான தோட்டாக்களைத் தன் கார் ஷெட்டில் தானே தயாரிப்பவர். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து, கைநெம்பு பிரஸில் மாட்டிய இரும்பு அச்சுக்குள் அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவார். அந்த அச்சு பிரஸுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைப் பிடித்துவைப்பது அதன் கழுத்தில் இருக்கும் பூட்டு வளையம். வளையம் இம்மி நகர்ந்து அச்சு கூடுதலாக இறங்கினால், கூட்டின் தோள், அதாவது வாய்ப்பக்கம் குறுகும் சரிவு, அளவுக்கு மீறி அமுங்கிவிடும். அமுங்கிய கூடு வெடிக்கும்போது நீளும். சில தடவை நீண்டால் அடிப்பக்கம் அறுந்துவிடும்.

அதுதான் நடந்தது. சுடுகளத்தில் சூடான வாயு அவர் முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது.

வீட்டுக்கு வந்து அச்சைப் பார்த்தார். வளையம் நகர்ந்தால் தெரிவதற்காக, ஓப்பலின் நகப்பூச்சைக் கொண்டு அச்சிலிருந்து வளையம் வரை ஒரு சிவப்புக் கோடு இழுத்து வைத்திருந்தார். கோடு இரண்டாக முறிந்து, பாதி அங்கும் பாதி இங்குமாக நின்றது.

அந்த அச்சைத் தொடும் இன்னொரு ஆள் மருமகன் கிப். அதே பிரஸில், அதே அச்சில் தன் தோட்டாக்களையும் செய்துகொள்வான். (இந்த ஊரில் பிரஸைப் பகிர்ந்துகொள்வார்கள், இறைச்சியைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவன் செய்த தோட்டாவை மட்டும் இன்னொருவன் சுட மாட்டான். அண்ணன் தம்பியானாலும் சரி. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.)

வசந்த காலத்தில் கிப் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். "மாமா, இந்த வருஷம் எல்க் மான் வேட்டைக்குத் தனியா மலை ஏறாதீங்க."

(மாமா என்றா சொல்லியிருப்பான்? இங்கே மாமனாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் தமிழுக்கு அது வர மாட்டேனென்கிறது.)

அப்போது ஹால்வர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்டது. தன்னைப் பயமுறுத்தி வீட்டில் உட்காரவைக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினார். மகள் மரிட்டுக்கு ஜாடையாகச் சொன்னார். அவள் ஒரே போடாகப் போட்டாள்.

"அப்பா, அவர நேராப் பாத்து அதச் சொன்னீங்கன்னா, அதுக்கப்புறம் நாங்க இந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டோம்."

அதனால் ஹால்வர் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தார்.

3

டவுனில் வெர்னின் துப்பாக்கிச் சாமான் கடை. வெர்ன் மூன்று வளையங்களை மேசை மேல் வைத்தான்.

"இது அடியில ரப்பர் வச்சது. பூட்டாது, சும்மா இறுக்கிப் புடிக்கும். ஒவ்வொரு தடவையும் நீங்க சரி பாத்துக்கணும்."

"என் ஷெட்ல சரி பாக்குறதுக்கு வேற ஆள் இருக்கான். அடுத்தது?"

"இது உங்ககிட்ட இருக்கிற பழைய மாதிரி. பக்கத்துல ஒரு திருகு. அந்தத் திருகுக்கடியில சின்ன ஈயக் குண்டு போட்டிருக்கீங்கல்ல? இல்லேன்னா மரையக் கடிச்சுக் கெடுத்துரும். அப்புறம் புடிக்காது."

"போட்டிருக்கேன்." போட்டிருப்பதாகத்தான் நினைத்தார்.

"கழட்டும்போது வளையத்தப் புடிச்சுத்தான திருகுறீங்க? அச்சப் புடிச்சுத் திருகினா வளையத்துக்குள்ளயே சுத்திக்கும்."

"நீ டயப்பர்ல இருந்தப்பவே நான் இதக் கழட்டுனவன்டா."

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லியே" என்று சிரித்தான் வெர்ன்.

ஹால்வர் மூட்டு வீங்கிப் பிடி தளர்ந்த கட்டைவிரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். (இந்த விரலை நான்தான் சேர்த்தேனா, ஓப்பல் சொன்னாளா? என் குறிப்பில் இல்லை. கதைக்கு வாகாக இருப்பதால் எனக்கே சந்தேகம்.)

மூன்றாவது வளையம் ஒரு பக்கம் வெட்டு விட்டது. ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியைப் போட்டு முடுக்கினால், வெட்டு நெருங்கி, வளையம் முழுக்க அச்சைக் கவ்விக்கொள்ளும்.

"இது தானா நகராது. எவனாவது கீய எடுத்து, மெனக்கெட்டுத் தளர்த்தினாத்தான் உண்டு."

"அதான்யா எனக்கு வேணும்" என்றார் ஹால்வர்.

4

புது வளையத்தை மாட்டினார். ஒரு கூட்டை அச்சுக்குள் ஏற்றி, நெம்பை அழுத்திப் பிடித்தபடியே கீயை முடுக்கினார், அச்சு கோணாமல் நேராக நிற்பதற்காக. புதிதாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். அதே அச்சில் தனக்கும் கொஞ்சம் தோட்டா செய்துகொண்டார். ஆலன் கீயை வேண்டுமென்றே எதிரே ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கிப் வந்தான், தன் வேலையை முடித்தான், ஒரு துண்டு ஆப்பிள் பை தின்றான், போனான்.

ஷெட்டுக்குள் போன ஹால்வரின் மனதில் என்ன ஓடியது என்பதை எழுதத்தான் எனக்கு மூன்று காகிதம் வீணானது. கோடு முறிந்திருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டே போனார். மருமகன் அயோக்கியனாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் பழைய வளையத்தை நகர்த்திய கை எது?

கோடு நேராக இருந்தது.

பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது எனக்கு. கதவருகே ஓப்பல் நின்றிருந்தாள்.

"என்ன, கோடு அப்படியே இருக்கா?"

"இருக்கு."

"நகப்பூச்சு பாட்டில் என்னோடது. நான் பழசத் துடைச்சுட்டுப் புதுசா இழுத்திருந்தா உங்களுக்குத் தெரியுமா?"

ஹால்வர் அவளையே பார்த்தார். "இழுத்தியா?"

"பாத்தீங்களா? இப்ப என் முறை வந்துருச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

5

இங்கே நான் திணறிவிட்டேன். ஒரு முடிவில் ஹால்வர் மன்னிப்புக் கேட்டார். கிழித்துப் போட்டேன், அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

இன்னொன்றில், அவர் மலைக்குப் போகக் கூடாதென்று வளையத்தை நகர்த்தியதே ஓப்பல்தான். எழுதியும் முடித்தேன். பிறகு உறைத்தது. என்னிடம் கதை சொன்னவளே அவள். துண்டான கூட்டை வலிய வந்து என் மேசையில் வைத்தவளும் அவளே. ஏன் வைத்தாள்? அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. நாளைக்கும் காபி குடிக்க வருவாள்.

ஆகவே அவள் சொன்ன மிச்சத்தை அப்படியே தருகிறேன்.

6

அடுத்த வாரம் சுடுகளத்தில் கிப் வந்து பக்கத்து மேசையில் துப்பாக்கியை வைத்தான்.

"மாமா, என் மேல சந்தேகப்படுறீங்க."

"நான் வாயத் தொறந்தனா மாப்ள?"

"அதான் சொல்றேன். கூடு அறுந்ததுலேந்து நீங்க எங்கிட்ட வாயே தொறக்கல."

கிப் உள்ளங்கையை நீட்டினான்.

"நீங்க செஞ்ச தோட்டா ஒண்ணு குடுங்க. என் துப்பாக்கியில போட்டு நான் சுடுறேன்."

"அடுத்தவன் தோட்டாவ எவனும் சுட மாட்டான். உங்கப்பன் சொல்லித் தரலியா?"

"சொன்னார். குடுங்க."

ஹால்வரின் கை பைக்குள் தோட்டாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. புது வளையம், நேரான கோடு, எல்லாம் சரி. ஆனால் அந்த வளையத்தை முடுக்கியதும் இதே கட்டைவிரல்தானே? தன் கண்ணுக்குப் பயப்படாத மனிதர், அந்தப் பையனின் கண்ணைப் பார்த்துப் பயந்தார். கொடுத்தால் அந்தக் கண்ணை வைத்துச் சூதாட வேண்டும். மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், இந்த வருடம் மலை இல்லை. எந்த வருடமும் இல்லை.

'ஹால்வர் மெதுவாகத் தன் கையை வெளியே எடுத்து —'

இதற்கு மேல் எழுத மாட்டேன். ஓப்பல் சொன்னாள்தான், ஆனால் அவள் சொன்னதை நான் எப்படி நம்புவது? அந்தக் கையில் தோட்டா இருந்ததா, வெறுங்கையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது கிப்பின் முகத்துக்குக் கண்ணாடி மாட்ட மறந்துவிடாதீர்கள்.

அவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறான். எனக்கு இப்போது அவன் மேல் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அதை அவனிடம் சொல்ல வேண்டிய ஆள் நானில்லை.