அறையில் இருக்கிற அம்மா

கொரோனா சோதனை செல்லுபடியாவது மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து கணக்கா, முடிவு வந்த நேரத்திலிருந்து கணக்கா என்று நான் மூன்றாவது தடவையாகக் கேட்டதும், விமான நிறுவனத்துப் பெண் ஒருவழியாகப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. என்னைத்தான் சொல்ல வேண்டும். லிஃப்ட் கூண்டின் கூரைமேல், இரண்டு மாடிகளுக்கு நடுவே இருட்டில் நின்றுகொண்டு பேசினால் சிக்னல் போகாமல் என்ன செய்யும்? ஆனால் அவளைப் பிடிப்பதற்காகக் காலையிலிருந்து அந்தப் பாழாய்ப்போன காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்கு அலுவலக மேசையா இருக்கிறது, சாவகாசமாக உட்கார்ந்து பேச? ஸ்பானரைப் பையில் போட்டுவிட்டு ஏணியில் இறங்கி வெளிச்சத்துக்கு வந்து மறுபடி அழைத்தேன். மறுபடி இசை.

எல்லாம் அத்தை, அதாவது என் மாமியார், ஊர் திரும்பும் பயணத்துக்காக. என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, மூன்று மாதம் கூடமாட இருந்துவிட்டுப் போகலாம் என்று ஊரிலிருந்து நாங்கள் வேலை பார்க்கும் இந்த நாட்டுக்கு வந்தவர். கால் கூடியது, அவள் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் ஊர் உலகமெல்லாம் பூட்டிக்கொண்டது. டிக்கெட் போட்டோம், ரத்து செய்தார்கள். மறுபடி போட்டோம், மறுபடி ரத்து. ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் விமானம் விட்டபோது கூடவே விதிகளும் வந்தன. புறப்படும் ஊருக்கு ஒன்று, இறங்கும் ஊருக்கு ஒன்று, நடுவில் விமானம் மாறும் ஊருக்குத் தனியாக ஒன்று. திங்கட்கிழமை படித்தது புதன்கிழமை செல்லாது. போதாக்குறைக்கு, பதிவு செய்கிற செயலி ரகசிய எண்ணை அத்தையின் ஊர் நம்பருக்குத்தான் அனுப்பும். அந்த சிம் ஊரில் மாமாவிடம் இருந்தது. மாமாவைக் கூப்பிட்டு, "மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க மாமா" என்பேன். கண்ணாடியைத் தேடிப் போவார். திரும்பி வந்து, "எதுக்குக் கண்ணாடி எடுக்கப் போனேன்?" என்று என்னையே கேட்பார். அதற்குள் எண் காலாவதியாகிவிடும். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் என்னிடம் நேராகப் பேசமாட்டார். கோபமெல்லாம் இல்லை, மாப்பிள்ளை என்கிற மரியாதை. நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து நின்றுவிடுவார். வருஷத்துக்கு ஒருமுறை மாமியார் வீட்டுக்குப் போகிறபோது அது ஒரு மாதிரி சுகமாகத்தான் இருந்தது. இரண்டு அறை வீட்டில், வேலையும் இல்லாமல், எல்லோரும் அடைந்து கிடந்த காலத்தில் யோசித்துப் பாருங்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் எழுந்திருப்பார், திரும்பி வந்தால் எழுந்திருப்பார். அவர் முழங்காலுக்காகவே நான் தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் ஃபிரிட்ஜிடம் சொல்வார். "டீ ஆறிப்போகுது." "மழை வரும்போல இருக்கு, குடை கதவுக்குப் பின்னாடி இருக்கு." நானும் ஃபிரிட்ஜைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவேன்.

சாயங்காலமானால் மட்டும் அவர் குரல் மாறும். மாமாவுக்கு வீடியோ அழைப்பு. மாமா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முகம் திரையில் தெரிந்ததும் முதல் கேள்வி, "எப்ப வர்ற?" அத்தை விவரமாகச் சொல்வார். "சரி சரி" என்பார். சாம்பாரில் உப்பு, தண்ணீர் மோட்டார் என்று பேச்சு போகும். அப்புறம், "ஆமா, எப்ப வர்ற?" ஒரே அழைப்பில் நாலைந்து தடவை. "அப்பாவுக்கு இந்த வயசுல இவ்வளவு ஆசையா?" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். அத்தை வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையால் திரையைத் துடைப்பார்.

அது ஆசை இல்லை என்று மைத்துனன் சொல்லித்தான் தெரிந்தது. அவன் ஊரில் மாமாவோடு அதே வீட்டில்தான் இருக்கிறான். ஒருநாள் அப்பா அவனைப் பார்த்து, "சில்லறையா குடுங்க தம்பி" என்றாராம். டாக்டரிடம் காட்டியிருக்கிறான். மறதி நோய், வேகமாகப் போகிறது, தெரிந்த முகங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றாராம். அன்றிலிருந்துதான் நான் லிஃப்ட் கூரைமேலெல்லாம் நின்று இசை கேட்க ஆரம்பித்தேன். அவருக்கு அத்தையின் முகம் மறந்துபோவதற்குள் அத்தை போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

விமான நிலையத்தில் ஒரு பயணிக்கு ஒருவர்தான் துணைக்கு வரலாம் என்றார்கள். கவுன்டரில் வாதாட நான்தான் லாயக்கு என்று என் மனைவி வாசலிலேயே அழுதுகொண்டு நின்றுவிட்டாள். கவுன்டரில் இருந்தவன் அத்தையின் சோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நேரம் இருக்கிறது, ஆனால் அது எந்த நேரம் என்று இல்லையே என்றான். நான் முகக்கவசத்துக்குள் கத்தினேன், அவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்தினான். இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மேலதிகாரியைக் கேட்டு வருகிறேன் என்று போய்விட்டான்.

நானும் அத்தையும் நாற்காலியில், நடுவே ஒரு காலி நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தோம். நான் பக்கத்தில் இருக்க அவர் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். சுற்றிலும் ஃபிரிட்ஜ் எதுவும் இல்லை.

"மாப்ள."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

"இந்த மாஸ்க்கைப் போட்டுட்டுப் போய் நின்னா, அவருக்கு என்னைத் தெரியுமா?"

தெரியும் அத்தை, தெரியாமல் போகுமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்நேரமும் விதிகளைப் படித்துப் படித்து மூளை அப்படியே ஆகிவிட்டது எனக்கு. "ஏழு நாள் தனி ரூம்ல இருக்கணும் அத்தை. அப்புறம் டெஸ்ட். அதுக்கப்புறம் கழட்டிக்கலாம்" என்றேன்.

"ஓ" என்றார். அதற்குள் கவுன்டர்காரன் தாளில் முத்திரை குத்திக்கொண்டு வந்துவிட்டான். எது சரி, எது தப்பு என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. அத்தை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல நின்றுகொண்டே இருந்தார், பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லும்வரை.

ஊர் போய்ச் சேர்ந்ததும் மைத்துனன் அவரைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய் கடைசி அறையில் விட்டான். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். சாப்பாட்டை அதில் வைத்துவிட்டுத் தட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அப்புறம்தான் அத்தை கதவைத் திறக்கலாம். சாப்பாடு வைக்கிற வேலையை மாமாவே கேட்டு வாங்கிக்கொண்டாராம். எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது.

அன்று சாயங்காலம் அத்தை அறையிலிருந்து மாமாவுக்கு வீடியோவில் பேசினார். எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். திரையில் மூன்று கட்டம்.

"எப்ப வர்ற?" என்றார் மாமா.

"வந்துட்டேங்க. இங்கதான் இருக்கேன், கடைசி ரூம்ல."

மாமா சிரித்தார். "விளையாடாத. அங்க வேற ஒரு அம்மா இருக்காங்க. பாவம், எங்கிருந்தோ வந்திருக்காங்க, உடம்பு சரியில்லபோல. நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாத. நீ எப்ப வர்ற?"

என் மனைவி எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

பிறகு எல்லா நாளும் அப்படித்தான். மாமா அந்த அம்மாவை நன்றாகக் கவனித்துக்கொண்டார். வேளை தவறாமல் தட்டு வைத்தார். "சூடா இருக்கு, பார்த்து எடுங்கம்மா" என்று பஸ்ஸில் பேசுகிற குரலில் சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார். சாயங்காலம் போனில் மனைவியிடம் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னார். போனில் இருக்கிற முகத்தை அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் எங்களுக்குத்தான். பிழைத்துக்கிடந்த ஞாபகத்தை இருந்த இடத்தில் இருக்கவிடாமல், நான் டிக்கெட் போட்டு அனுப்பி வைத்தேனா? அல்லது அனுப்பாமல் விட்டிருந்தால் அதுவும் போயிருக்குமா? யாரைக் கேட்பது? இதற்கெல்லாம் எந்த நம்பரில் இசை கேட்பது?

நடுவில் ஒருநாள் அத்தைக்குப் பொறுக்கவில்லை. தட்டு வைக்கிற சத்தம் கேட்டதும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து நின்றிருக்கிறார். மாமா பார்த்தாராம். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாஸ்க் போட்டுக்கங்கம்மா, ரூல்ஸ் இருக்குல்ல" என்றாராம். அன்று சாயங்காலம் அத்தையிடமே போனில் குறைப்பட்டுக்கொண்டார். "அந்த அம்மா மாஸ்க்கைக் கழட்டிட்டு முன்னாடி வந்து நிக்கிறாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீ இருந்தா நீ பேசுவ. எப்ப வர்ற?"

"சொல்றேன் அவங்ககிட்ட" என்றார் அத்தை.

கடைசி நாள் எனக்கு அழைப்பு வந்தது. மகளுக்கு இல்லை, எனக்கு. வேலை முடிந்து, ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என் முகம் தெரிந்ததும் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு மாப்ள. ஒண்ணும் இல்லையாம். நாளைக்கு வெளிய வரலாமாம்."

"நல்லதாப் போச்சு அத்தை."

"வந்துட்டா," என்று நிறுத்தினார். போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "வந்துட்டா, சாயங்காலம் அவர் போனை வச்சுட்டுக் காத்துட்டு இருப்பாரே. யார் பேசறது?"

கையிலிருந்த ஸ்பானரைப் பெட்டியில் வைத்தேன். எதைப் படித்து வைத்திருக்கிறேன் சொல்வதற்கு?

"வரவா மாப்ள, வேணாமா? நீங்க சொல்றபடி செய்யறேன்."

அப்போது அங்கே கதவைத் தட்டும் சத்தம். "சாப்பாடு வச்சிருக்கேன்மா. ஆறிடும்" என்றது மாமாவின் குரல். போனில் கேட்பதைவிட இளமையாக இருந்தது. அத்தை எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். போனை என் பக்கம் பிடிக்க மறந்து கையைத் தொங்கவிட்டதால், திரையில் தரையும் கதவின் அடிப்பக்கமும் சாய்வாகத் தெரிந்தன. கதவின் இடுக்கில் வெளிச்சக்கோடு, அதன் நடுவே இரண்டு பாதங்களின் நிழல். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது விதி. அத்தை காத்துக்கொண்டு நின்றார். நானும் பெட்டியை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். நிழல் அங்கேயே இருந்தது.