கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா?

பெயின்டர் வேலை பார்க்கும் தங்கைக்கு மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி, அது புற்றுநோய்தான் என்று தெரிந்த மறுநாளே அக்கா வந்து இறங்கிவிட்டாள். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். எதையும் ஓங்கி ஒரே குத்தில் முடித்தாக வேண்டும் அவளுக்கு.

"ரெண்டு பக்கமும் எடுத்துடச் சொல்லுடி. பாதியில விட்டா நிம்மதியே இருக்காது."

அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கும் இதே நோய். இடது மார்பையும், அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகள் அத்தனையையும் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கை அன்று வீங்கியது இன்றும் வடியவில்லை. இறுக்கமான உறை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

தங்கைக்கு வயது ஐம்பத்தாறு. சீலிங்கில் ரோலர் ஓட்டுவதில் கெட்டிக்காரி. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாவிட்டால் பிழைப்பே போச்சு. அதை நினைத்துத்தான் அவளுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை.

அறுவை சிகிச்சை டாக்டர் இருவரையும் உட்கார வைத்து, ஒரு தாளில் படம் வரைந்தார்.

"கட்டி சின்னது, மெதுவா வளர்ற வகை. அக்குளை ஸ்கேன்ல பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல. உங்க வயசுக்கும் இந்த வகைக்கும் கட்டியை மட்டும் எடுத்தா போதும். அப்புறம் கதிர் சிகிச்சை, மாத்திரை. அக்குள்ல நான் கையே வைக்கப் போறதில்ல."

தங்கை வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "என்ன டாக்டரம்மா, அரைகுறையா முடிக்கிறீங்க?"

"அதிகமா வெட்டினா அதிக நாள் இருப்பாங்கன்னா, நானே முதல் ஆளா கத்தியைத் தூக்குவேன்மா. இவங்களை மாதிரி ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்கா கவனிச்சாச்சு. வித்தியாசம் இல்ல. கை வீங்குறதுதான் மிச்சம்."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. உறை போட்ட கையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ எனக்கு எடுத்ததெல்லாம் வீணா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எலுமிச்சை அளவு. அக்குளுக்கும் பரவியிருந்துச்சு."

"அப்போ அது வேற கதைம்மா. இன்னைக்கு வந்திருந்தா கொஞ்சம் கம்மியா வெட்டியிருக்கலாம், சொல்ல முடியாது. ஆனா அன்னைக்குத் தெரிஞ்சதை வெச்சு உங்களைக் காப்பாத்தியிருக்காங்க. வீண் இல்ல."

வெளியே வந்ததும் அக்கா குழாயடியில் நின்று வெகுநேரம் முகம் கழுவினாள்.

"என் மேல கோவமா அக்கா?"

"கோவம் இல்லடி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பொறாமை."

தங்கைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அக்காவே முதலில் சிரித்தாள். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

கட்டியை எடுத்த மறுநாளே தங்கை வீடு திரும்பினாள். கதிர் சிகிச்சை முடிந்து, களைப்பும் தீர்ந்த பிறகு, முதல் வேலையாக ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்குப் பெயின்ட் அடிக்க ஒப்புக்கொண்டாள். அக்காவும் கூடவே போனாள். ஏணிக்குக் கீழேயே பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்து, மகளுக்கு வீடியோ கால் போட்டாள்.

"உங்க சித்தி கையைப் பாரு, எப்படி சுழலுதுன்னு! ஏய், இந்தப் பக்கம் திரும்புடி, முகம் தெரியல!"

தங்கை ஏணியில் நின்றபடி திரும்பினாள். ரோலரிலிருந்து ஒரு சொட்டு வெள்ளை, நேராக அக்காவின் மூக்கில் விழுந்தது.

போனுக்குள்ளிருந்து மகள் சிரித்த சிரிப்பு அந்த வெற்று அறை முழுக்கக் கேட்டது.